ராக்கெட் தெரியும் ஊருக்குக் கணக்கு வாத்தியார்

முதலில் நடுங்குவது அம்மாவின் எவர்சில்வர் டம்ளர்கள்தான். அடுப்படி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கத் தொடங்கும். அதன் பிறகுதான், எங்கோ தகரக் கூரைமேல் கருங்கல்லை உருட்டுவது போல அந்தச் சத்தம் வந்து சேரும். டம்ளர் கிணுகிணுத்த பிறகு வெளியே ஓடி வந்தால் பயனில்லை. ராக்கெட் எப்போதோ போய்விட்டிருக்கும். கிழக்கே, சூளூர்பேட்டைக்கும் அப்பால், பழவேற்காடு ஏரி தாண்டிய தீவின் திசையில், வெள்ளைப் புகை மட்டும் காற்றில் கோணல்மாணலாகக் கலைந்துகொண்டிருக்கும். சத்தியவேடு பக்கத்தில் பிறந்த எங்களுக்கு இது பிள்ளைப் பருவத்திலேயே படிந்துபோன பாடம்.

இந்தப் பாடத்தை என் அம்மா பரிமளா அளவுக்கு யாரும் கற்றிருக்க முடியாது. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் பிறந்து, எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி மாநில எல்லை தாண்டித் தெலுங்கு நாட்டுப் பக்கம் வந்தவள் அவள். டிவியில் ராக்கெட் போகும் நேரம் சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் எந்த வேலையும் முழுமையாக நடக்காது. அவள் அதைக் "கவுண்டவுனு" என்பாள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும், மாட்டின் பாதிப் பால் மடியிலேயே நிற்கும், துவைத்த துணி பக்கெட்டிலேயே முறுக்கிக் கிடக்கும். அவளோ எங்களையெல்லாம் மொட்டை மாடிக்கு விரட்டிக்கொண்டிருப்பாள். "இன்னாடி பாத்துக்கினு கீற? ஏறு, ஏறு, போயிரும்!" என்று முதுகில் தள்ளுவாள். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். கிழக்கு அடிவானத்தில் ஒரு தீப்பொறி கிளம்பி, மெதுவாக வளைந்து, மேகத்துக்குள் புகுந்து மறையும்வரை அம்மா மூச்சு விடமாட்டாள். மறைந்ததும், "மனுசன் செஞ்சதுடி இது. மனுசன்!" என்று, யாரோ அவளிடம் அது பொய் என்று வாதாடியதைப் போலச் சொல்வாள்.

நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, இந்தப் பைத்தியம் பிடிக்காது. வேர்க்கடலையும் கரும்பும் போட்ட நிலத்தில் மோட்டார் ஓடக் கரண்டு எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதே அவருடைய வாழ்க்கை. "ஏம்மே, ராக்கெட்டா நமக்கு சோறு போடுது?" என்று கீழே இருந்தே கத்துவார். "உன் மோட்டாருந்தான் போடல. கரண்டு இல்லன்னு படுத்துக்கினு கீது," என்று மாடியிலிருந்தே பதில் வரும். கடைசி நேரத்தில் ஏதோ கோளாறு என்று ராக்கெட்டை நிறுத்திவிட்டால் அம்மாவுக்கு வரும் கோபம், ஏறப்போன பஸ்ஸை டிரைவர் நிறுத்தாமல் ஓட்டிப் போனால் வருகிற கோபம்தான். அன்று முழுக்க ஏவுதளத்தில் இருப்பவர்களுக்கு விழ வேண்டிய திட்டை வீட்டில் நாங்கள் வாங்கிக்கொள்வோம்.

எனக்கு ராக்கெட் என்றாலே எரிச்சலாக இருந்த காலம் அது. அம்மாவால் மட்டும் அல்ல. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடி ஏற்ற வந்தவர், மரக்கன்று நட வந்தவர், புத்தகப்பை கொடுக்க வந்தவர் என்று மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் கிழக்கே கையைக் காட்டி, "பாருங்கள், அங்கேதான் உங்கள் எதிர்காலம்" என்றே ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் மாடி உயரத்துக்கு ஒரு ராக்கெட்டை வரைந்து, அதன்மேல் ஒரு பையனும் ஒரு பெண்ணும் குதிரைச் சவாரி போல உட்கார்ந்து சிரிப்பதாகப் படம் போட்டிருந்தார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த அறைதான் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். அந்த அறையில், நான் பத்தாவது போன வருஷம், கணக்கு வாத்தியார் இல்லை.

முன்பு இருந்தவர் குப்பம் பக்கம் குடுபல்லிக்காரர். சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டார். போகும்போது எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்; அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கணக்குப் பீரியடுக்கு "டிரில் மாஸ்டர்" வந்து, போர்டில் புத்தகத்தைப் பார்த்து ஒரு கணக்கை எழுதி, அதற்குக் கீழே விடையையும் எழுதி, "சத்தம் வரக்கூடாது, பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாளரத்துக்கு வெளியே மைதானத்தை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குற்றம் சொல்ல மனம் வராது. பாவம், அவருக்கும் அது தண்டனைதான். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போடுவாள் என்று தெரியும். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் போல ஆகியிருக்கும், ஒருநாள் ராக்கெட் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கும்போது அவளே கேட்டாள்: "ஏண்டி, நேரா மேல போவாம அது ஏன் ஒரு பக்கமா வளைஞ்சிக்கினு போவுது?"

"யாருக்குத் தெரியும்?"

"பத்தாவது படிக்கிற, உனக்குத் தெரியாதா? வாத்தியாரைக் கேளு."

வெயிலில் நின்ற கடுப்பில் வாய் தவறிவிட்டது. "எந்த வாத்தியாரைக் கேக்கறது? கணக்குக்கே ஆள் இல்ல. ஸ்கூல் தொறந்ததுல இருந்து டிரில் மாஸ்டர்தான் வர்றாரு."

அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். கீழே அடுப்படியில் டம்ளர்கள் அப்போதுதான் கிணுகிணுக்கத் தொடங்கியிருந்தன. அவள் அதைக்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. "இத்தினி நாளா இத வயித்துல வச்சிக்கினு கீறியா?" என்று கேட்டாள்.

மறுநாள் நான் பயந்தது நடந்தது. எச்.எம். அறை வாசலில் அம்மாவின் குரல் கேட்டபோது நாங்கள் எல்லாரும் கணக்கைப் "பாத்து எழுதிக்" கொண்டிருந்தோம். எச்.எம். நல்ல மனிதர்தான், ஆனால் களைத்துப்போனவர். "நானாம்மா வாத்தியாரைப் போடறேன்? எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சிருச்சி. வேணும்னா சித்தூர் போய்க் கேளுங்க," என்றார். யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அதைச் சொல்லியிருப்பார். அப்போது எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் போவதென்றால் விடியலில் கிளம்பி, நாகலாபுரம் தாண்டிப் புத்தூரில் இறங்கி, வேறு பஸ் மாறி, உச்சி வெயிலில் போய்ச் சேர வேண்டும்.

அம்மா போனாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாங்காய்க் காலத்தின் கடைசி அது. கூழ் ஆலைகளுக்கு வெளியே மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றிருந்தன, அழுகத் தொடங்கிய பழத்தின் புளித்த நெடி பஸ்ஸுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாவட்டக் கல்வி ஆபீசில், பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய ராக்கெட் படம். அம்மா அதைத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய அதிகாரி "கேம்ப்" என்று வெளியூர் போயிருந்தார். கடைசியில் ஒரு குமாஸ்தா எங்களைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, சலிப்பே இல்லாத குரலில் சொன்னார்: "போஸ்ட் உந்தி, மனிஷி லேடு."

பதவி இருக்கிறதாம், ஆள்தான் இல்லையாம். தமிழ் மீடியத்துக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை, பேசாமல் பெண்ணைத் தெலுங்கு மீடியத்தில் போடுங்கள் என்று யோசனையும் சொன்னார். அம்மாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. பத்தாவது வந்த பிறகு மொழி மாறி எழுதச் சொல்கிறீர்களே, உங்கள் பிள்ளைக்கு இப்படிச் செய்வீர்களா என்று தெலுங்கிலேயே கேட்டாள். என் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் என்றார் அவர். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. திரும்பி வரும் வழியில், புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்த பன்னை நான் "துன்னுக்கினு" வருவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இது நடந்து காலாண்டுப் பரீட்சையும் முடிந்தது. கணக்குத் தாளில் நாங்கள் வாங்கிய மார்க்கைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய விஞ்ஞானி வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. பந்தல் போட்டார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், சுவர் ராக்கெட்டுக்குப் புதுப் பெயிண்ட் ஏறியது. பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாணவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது, கேள்விகளை எச்.எம். முன்கூட்டியே எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கொடுத்தது, செவ்வாயில் மனிதன் குடியேறுவானா என்பது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகிக்குக் கொடுத்தது, விண்வெளியில் என்ன சாப்பிடுவார்கள் என்பது. தேவகிதான் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி, வாயும் நீளம். "அங்க இன்னா துன்றாங்கன்னு தெரிஞ்சி நான் இன்னா பண்ணப் போறேன்," என்று என் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

விஞ்ஞானி நரைத்த தலையோடு, எளிமையாக இருந்தார். தமிழ் தெரிந்தவர். நன்றாகத்தான் பேசினார், புயல் வருவதை முன்னாலேயே சொல்லி மீனவர்களைக் காப்பாற்றுவது, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று மேலிருந்து பார்ப்பது என்று அவர் சொன்னபோது நைனாகூட நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் கடைசியில் அவரும் கையைக் கிழக்கே நீட்டினார். எதிர்காலத்தைச் செதுக்கப் போவது உங்கள் தலைமுறைதான் என்றார். எல்லோரும் கை தட்டினோம். நான் எழுந்து செவ்வாயைப் பற்றிக் கேட்டேன்; அவர் பதில் சொன்னார். தேவகி எழுந்து சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், பதில் சொன்னார். அப்போது பெற்றோர் வரிசையிலிருந்து, "எனக்கும் ஒண்ணு கேக்கணும்" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது.

எச்.எம். மைக்கை மறைத்தார்; விஞ்ஞானி கொடுக்கச் சொல்லிக் கை காட்டினார். அம்மா மைக்கைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எனக்கு ராக்கெட்னா உசுரு. நீங்க உடற ஒண்ணையும் உட்டதில்ல, அடுப்புல சோறு கருகினாலும் போய்ப் பாத்துருவேன். எம்பொண்ணு அங்க வந்து வேலை செய்யணும்னு ஆசை. ஆனா சார், ஸ்கூல் தொறந்ததுல இருந்து இங்க கணக்கு வாத்தியார் இல்ல. சித்தூர் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். நான் படிக்காதவ, எனக்குத் தெரியாது, அதான் கேக்கறேன். கணக்கு தெரியாம ராக்கெட் உட முடியுமா? முடியும்னா சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு வூட்டுக்குப் போய் வேலையப் பாக்கறேன்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். பந்தலுக்குமேல் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. விஞ்ஞானி மைக்கில் வாயை வைத்து, "முடியாதும்மா," என்றார். அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்வி அதிகாரியின் பக்கம் குனிந்து ஏதோ பேசினார். அந்த அதிகாரி எழுந்து, சீக்கிரமே ஆசிரியர் வருவார் என்று தெலுங்கில் அறிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள். விழா முடிந்ததும் எச்.எம். என்னைக் கூப்பிட்டு, உங்கள் அம்மாவை இனி எந்த விழாவுக்கும் கூட்டி வராதே என்றார். வீட்டுக்குப் போனால் நைனா தானே தட்டெடுத்து வைத்து அம்மாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியார் வரத்தான் செய்தார். உடனே அல்ல, தீபாவளி எல்லாம் கழிந்து, மழையில் மைதானம் குளமாகிக் கிடந்த ஒருநாள் வந்தார். ரமணய்யா சார். ரிடையர் ஆக அதிக காலம் இல்லாதவர், வீடு திருப்பதியில். அங்கிருந்து பஸ் மாறி மாறிப் பதினோரு மணி வாக்கில், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கையில் டிபன் பையோடு வகுப்புக்குள் நுழைந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வாக்கியம்: "நாக்கு தமிளு ராது."

தமிழ் மீடியத்துக்கு வராமல் வராமல் வந்த கணக்கு வாத்தியாருக்குத் தமிழ் வராது. தேவகி தலையை டெஸ்க்கில் முட்டிக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கணக்கு வருமில்ல?" என்றாள். வரும்போலத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப மீதிய நீங்க பாத்துக்கோங்க. எல்லாத்துக்கும் நானே மைக்கப் புடிக்க முடியாது," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எங்களுக்குத் தெலுங்கு பேசத் தெரியும். கடைத்தெருவில், பஸ்ஸில், சினிமாவில் எல்லாம் அதுதான். ஆனால் கணக்குத் தெலுங்கு வேறு. சார் "பஹுபதி" என்பார். யார் அந்தப் பதி என்று முழிப்போம். "வர்க சமீகரணம்" என்பார். சண்டைக்கு வருகிறாரா என்று இருக்கும். போர்டில் அவர் கை மட்டும் அழகாக ஓடும். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தோம். ஆனால் பரீட்சையைத் தமிழில் எழுத வேண்டுமே. தமிழில் அச்சிட்ட எங்கள் கணக்குப் புத்தகமோ எல்லாருக்கும் வந்து சேரவில்லை, வந்ததிலும் பக்கங்கள் கலைந்திருந்தன. நைனா எல்லை தாண்டி ஊத்துக்கோட்டை போய், அந்தத் தமிழ் மாநிலத்துப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்தார். அதில் பாட வரிசை வேறு, சில பாடங்களே வேறு. ஆனால் சொற்கள் இருந்தன.

அப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் வராந்தாவில் உட்கார்ந்துவிடுவோம். தேவகி அன்று சார் சொன்னதைத் தெலுங்கிலேயே, அவர் குரலிலேயே திரும்பச் சொல்வாள். நான் ஊத்துக்கோட்டைப் புத்தகத்தில் அந்தக் கணக்கின் முகஜாடையைத் தேடுவேன். செங்கல்ராயன் என்ற பையன், அவனுக்குக் கணக்கு வராது, கையெழுத்து முத்து முத்தாக வரும், அவன் முடிவான தமிழை எழுதிப் போடுவான். பஹுபதி என்றால் பல்லுறுப்புக்கோவை. வர்க சமீகரணம் என்றால் இருபடிச் சமன்பாடு. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு சண்டை! சில சொற்களுக்குப் புத்தகத்தில் ஜோடி கிடைக்காது, நாங்களே வைத்துக்கொள்வோம். தேவகி வைத்த பெயர்களைப் பரீட்சையில் எழுதினால் பள்ளிக்கூடத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள். எனக்கோ எல்லார்மீதும் எரிச்சல். சுவரில் ராக்கெட் வரைந்தவன்மீது, கை தட்டியவர்கள்மீது, அழுதுகொண்டே சிரிக்கும் தேவகிமீது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஒரு தடவை படிப்பதை நாங்கள் ஏன் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கத்தியிருக்கிறேன். "கத்தி முடிச்சிட்டியா? அடுத்த கணக்கு," என்பாள் தேவகி.

ரமணய்யா சார் முதலில் மூன்றே முக்கால் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்து எங்களைப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, செங்கல்ராயன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பல்லுருப்பு கோவா" என்று அவர் சொல்லிப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அடுத்த பஸ்ஸில்தான் போனார். "ஈ பஸ்லு, ஈ எண்டலு" என்று பஸ்ஸையும் வெயிலையும் திட்டாமல் அவர் ஒருநாளும் கிளம்பியதில்லை. கிளம்பும்வரையிலும் திட்டிக்கொண்டேதான் எங்களோடு உட்கார்ந்திருந்தார். அவரும் எங்களைப் போலவே எரிச்சல்காரர் என்பதால்தானோ என்னவோ, எங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முக்கோணவியல் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் வந்தது. அம்மா வழக்கம்போல மாடிக்கு விரட்டினாள். இந்தத் தடவை தேவகி, கோணமானியில் நூலைக் கட்டி, நூலில் ஒரு கல்லைக் கட்டி எடுத்துக்கொண்டு ஏறினாள். ராக்கெட் மேகத்துக்குள் புகும் இடத்தில் கோணத்தைப் பிடித்தோம். ஏவுதளம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நைனாவைக் கேட்டோம். அவர் யோசித்து ஒரு கணக்குச் சொன்னார். மாடியிலேயே உட்கார்ந்து ராக்கெட் எவ்வளவு உயரத்தில் மறைந்தது என்று போட்டோம். விடையை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினோம். அவள் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது நம்ம ஊரு தண்ணி டேங்க் ஒசரம்கூட இல்லியே. உங்க கணக்குக்கு ராக்கெட் நம்ம மாமரத்துல முட்டிக்கினு நின்னிருக்கும்!" என்றாள்.

மறுநாள் ரமணய்யா சார் அதை வாங்கிப் பார்த்தார். கோணம் சரி, வழி சரி. தூரத்தைக் கிலோமீட்டரில் போட்டுவிட்டு விடைக்குப் பக்கத்தில் மீட்டர் என்று எழுதியிருந்தோம். அவர் அந்த ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். மாமரத்தில் முட்டிக்கொண்டிருந்த ராக்கெட் அந்த ஒரே கோட்டில் மேகத்துக்குப் போய்விட்டது. சார் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "அர்த்தமைந்தா?" என்று கேட்டார். புரிந்தது என்று எல்லாரும் தலையாட்டினோம். வருஷம் முழுக்க எரிச்சலாகவே இருந்தவளுக்கு அன்று ஒருநாள் எரிச்சல் இல்லை.

பரீட்சையில் இன்னொரு கூத்து. வினாத்தாளில் ஒரு பெரிய கேள்வியில், ஊத்துக்கோட்டைப் புத்தகத்திலும் இல்லாத, நாங்களும் வைக்காத ஏதோ ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. நான் அந்தக் கேள்வியை முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வெளியே வந்ததும் தேவகியைக் கேட்டேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு மீதி வாக்கியத்தை மனசுக்குள் சார் குரலில் தெலுங்கில் சொல்லிப் பார்த்தாளாம், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதாம். என்னைவிட நிறைய மார்க் வாங்கினாள். வகுப்பே தேறியது, செங்கல்ராயன் தவிர. அவனும் அடுத்து வந்த துணைத்தேர்வில் கரையேறினான். அதற்கும் ரமணய்யா சார் கோடை லீவில் திருப்பதியிலிருந்து வந்து போனார். வீட்டில் முடிவைச் சொன்னபோது அம்மா, "பரவால்ல," என்றாள். அடுத்து உடனே, "வர்ற வருசம் பசங்களுக்கும் இந்த ஆளு இருப்பாரா?" என்றாள். இல்லை, அந்த வருஷத்துக்கு மட்டும்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். அவள் மறுபடி சித்தூர் பஸ்ஸைப் பிடித்தாள். இந்தத் தடவை நைனாவும் கூடப் போனார்.

இப்போது நான் திருப்பதிக்கு வெளியே ஒரு சிறு தனியார் கம்பெனியில் வேலை செய்கிறேன். சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களுக்கு உள்ளே போகும் கம்பிக் கற்றைகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. தேவகி பாலிடெக்னிக் முடித்து, தொழிற்பேட்டையில் செல்போன் செய்யும் ஆலையில் ஒரு லைன் முழுவதையும் மேய்க்கிறாள். போனில் அவள் திட்டுவதைக் கேட்டால் அந்த வராந்தா ஞாபகம் வரும். விண்வெளித் தொழிலில் பணம் போட இன்று வரிசையில் நிற்கிறார்கள். நல்லதுதான். எனக்கு ராக்கெட்மீது கோபம் இல்லை. அதில்தான் சோறு சாப்பிடுகிறேன், அது செய்யும் நன்மையைக் கண்ணால் பார்க்கிறேன். முதலீட்டாளர்கள் கூட்டத்தில் போட ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். ராக்கெட்டைப் பார்த்து வளர்ந்த கிராமத்துப் பெண் என்று என்னைப் பிடித்தார்கள். நான் படம் எடுக்க வந்த பையன்களிடம் ரமணய்யா சாரைப் பற்றி, தேவகியைப் பற்றி, செங்கல்ராயனைப் பற்றி, அம்மா மைக் பிடித்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பகல் முழுக்கச் சொன்னேன்.

அவர்களோடு பள்ளிக்கூடத்துக்கும் போனேன். ஊர் இப்போது திருப்பதி மாவட்டம். தமிழ் மீடியம் இல்லை. பிள்ளைகள் குறையக் குறைய அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். எல்லாரும் இங்கிலீஷ் மீடியம். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை; எனக்கு ஒரு பிள்ளை இருந்தால் நானும் அதில்தான் சேர்த்திருப்பேன். எங்கள் அறையில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள். பல்லுறுப்புக்கோவை என்று நான் சொன்னபோது வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது எந்தத் தின்பண்டம் என்று தெரியவில்லை. ரமணய்யா சார் ரிடையராகி, மகனோடு ஐதராபாத் போய்விட்டார் என்று இப்போதைய எச்.எம். சொன்னார். முகவரி யாரிடமும் இல்லை.

படத்தைத் திருப்பதியில் ஒரு ஓட்டல் அரங்கில் காட்டினார்கள். அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். விளக்குகள் அணைந்தன. இசை எழும்பியது. பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்; ராக்கெட் கிளம்பியது; சிறுமி கையை நீட்டினாள்; கை அப்படியே பெரியவள் கையாகி ஒரு கம்பிக் கற்றையைத் தொட்டது. என் குரலில், எதிர்காலம் எங்கள் கையில் என்று ஒரு வாக்கியம் வந்தது. அது நான் சொன்னதுதான், வேறெதற்கோ சொன்னது.

"யாருடி இந்தப் பொண்ணு?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

"நான்தாம்மா."

"நீயா? நீ என்னிக்குடி ராக்கெட்டப் பாத்து சிரிச்ச? மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இல்ல நிப்ப!"

முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் படம் முடிந்து, கம்பெனியின் சின்னம் திரையில் வந்து நின்றது. விளக்குகள் எரிந்தன, எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, போலாம்," என்றேன்.

"இரு. இன்னும் அந்த திருப்பதி சாரே வரல. தேவகி வரல. மீதியும் போடுவாங்க, இரு," என்றாள்.